சார்ஜ் ஓட்டையில் அடைத்திருந்த பஞ்சுக்கு நான் கொடுத்த விலை

மாசி மாதக் கடைசியில் ஒரு ராத்திரி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் 9 சதவீதம். ஒயரைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் ஏறுகிறது, கையை விட்டால் நின்றுவிடுகிறது. பல்லடத்துக்குப் பக்கத்தில் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுக்கிறோம். ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து பாவும் ஊடை நூலும் வரும், நெய்த துணி மீட்டர் கணக்கில் திரும்பிப் போகும். போகிற ஒவ்வொரு லோடுக்கும் சலானை, அதாவது துணி அனுப்பிய சீட்டை, போட்டோ எடுத்து வைப்பேன். தறி ஓட்டுகிறவர்களுக்கு வாராவாரம் கொடுத்த கூலி, முன்பணம் எல்லாம் வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட குரல் பதிவுகளாக இருந்தன. கணக்குப் புத்தகம் என்று தனியாக ஒன்று கிடையாது, அந்தப் போன்தான். 16 நாள் அலைந்து, 7,750 ரூபாய் செலவழித்து, கடைசியில் அதில் இருந்த ஒன்றும் மிஞ்சவில்லை. எதனால் இத்தனையும் வந்தது என்று தெரிந்த அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

முதல் நாள் செய்தது புது ஒயர் வாங்கியது, 350 ரூபாய். மறுநாள் புது சார்ஜர், 900 ரூபாய். இரண்டுமே தேவைப்படவில்லை. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். உங்கள் ஒயரையும் சார்ஜரையும் வேறொருவர் போனில் மாட்டிப் பாருங்கள். அவர்களுடையதை உங்கள் போனில் மாட்டிப் பாருங்கள். உங்கள் ஒயரில் அவர்கள் போன் ஏறி, அவர்கள் ஒயரில் உங்கள் போன் ஏறவில்லை என்றால் கோளாறு போன் பக்கம். அப்போதும் கடைக்கு ஓட வேண்டாம். இன்னொரு போனின் டார்ச்சைப் போட்டு, சார்ஜ் ஓட்டைக்குள் நேராகப் பாருங்கள். டைப்-சி ஓட்டையின் நடுவில் மெல்லியதாக ஒரு நாக்கு இருக்கும். அதன் மேலும் கீழும் 12, 12 ஆக மொத்தம் 24 தொடுமுனைகள். நாக்கைச் சுற்றி அடிவரை இருட்டாக, காலியாகத் தெரிந்தால் சரி. அடியில் சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ மெத்தை போட்ட மாதிரி தெரிந்தால் அது பஞ்சு.

பஞ்சு எப்படி அங்கே போய்ச் சேருகிறது என்றால், தறி ஓடும்போது பறக்கிற தூசு சட்டைப்பையிலும் இடுப்பு மடிப்பிலும் படிகிறது, அங்கிருந்து ஓட்டைக்குள் போகிறது. வெறுமனே போனால் தட்டினால் விழுந்துவிடும். நாம் தினமும் ஒயரைச் சொருகுகிறோம் இல்லையா, ஒவ்வொரு சொருகலும் அதை அடியில் தள்ளிக் கெட்டியாக்குகிறது. ஆறு மாதத்தில் கம்பளி மாதிரி ஆகிவிடும். பிளக் முழுதாக உள்ளே போகாமல் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். இதற்கு முன்கூட்டியே அடையாளங்கள் உண்டு. மாட்டும்போது வருகிற 'டக்' என்ற பிடிப்பு போய்விடும். போனைத் தூக்கினால் ஒயர் தானாக நழுவும். வேகமாகச் சார்ஜ் ஏறுவது நின்று, ராத்திரி முழுக்க ஏற ஆரம்பிக்கும். ஏனென்றால் வேகச் சார்ஜுக்குப் போனும் சார்ஜரும் சின்ன முனைகள் வழியாகத் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும், அந்த முனைகள் சரியாகத் தொடாவிட்டால் மெதுவாகத்தான் ஏறும். சில போன்களில் தண்ணீரே படாதபோது 'ஈரம் இருக்கிறது' என்ற எச்சரிக்கையும் வரும், பஞ்சு வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதால். எனக்கு இதில் மூன்று அடையாளங்கள் இரண்டு மாதமாகவே இருந்தன.

சுத்தம் செய்கிற முறை இது. போனை முழுதாக ஆஃப் செய்யுங்கள், உறையைக் கழற்றுங்கள். பல் குத்துகிற மரக்குச்சி ஒன்றை எடுத்து, முனையைப் பிளேடால் தட்டையாகச் சீவுங்கள், ஓட்டையின் சுவருக்கும் நாக்குக்கும் நடுவே நுழைகிற அளவுக்கு. பிளாஸ்டிக்கில் வருகிற மெல்லிய பல் குச்சியும் சரி. ஊசி, ஊக்கு, ஹேர்பின், சிம் ஊசி எதுவும் வேண்டாம். உலோகம் பட்டால் நாக்கிலுள்ள முனைகள் வளைந்துபோகும், பவர் முனையும் பக்கத்து முனையும் ஒட்டினால் ஷார்ட் ஆகிவிடும். ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி போனைப் பிடித்துக்கொண்டு, குச்சியை ஒரு ஓரமாக அடிவரை விட்டு, சுவரை ஒட்டியபடி வெளியே இழுங்கள். குத்தக் கூடாது, நாக்கை நெம்பக் கூடாது. நாக்கின் மேல்புறம், கீழ்புறம், இரண்டு மூலை, நான்கு இடத்திலும் செய்யுங்கள். மூலையில்தான் அதிகம் இருக்கும். முதல் இழுப்பில் ஒன்றும் வராது, ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு ஒரு கட்டியாகப் பிடுங்கிக்கொண்டு வரும். பிறகு காய்ந்த மிருதுவான பல் துலக்கும் பிரஷால் தட்டிவிடுங்கள். உள்ளே பச்சையாகவோ கறுப்பாகவோ பாசி பிடித்திருந்தால் அது அரிப்பு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு பிரஷில் தொட்டுத் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டு ஆன் செய்யலாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

கம்ப்ரஸர் காற்று பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் எல்லோரும் செய்கிற தவறு அது. தறியிலும் நிட்டிங் மெஷினிலும் பஞ்சு தட்ட வைத்திருக்கிற காற்றுக் குழாயைப் போனுக்கும் காட்டிவிடுகிறார்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். அடியில் கெட்டியான பஞ்சை அது வெளியே எடுக்காது, இன்னும் உள்ளே தள்ளும். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் முன்னால் இருக்கிற மெல்லிய சவ்வு அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடலாம். எங்கள் தறிக்குடோனில் ஒரு தம்பியின் போனில் அப்படித்தான் மைக் போனது. அவன் பேசுவது எதிரில் கேட்காது.

சார்ஜ் ஓட்டை மட்டுமில்லை. எதிரில் பேசுகிறவர் சத்தம் குறைந்துகொண்டே வந்தால், திரையின் மேல் விளிம்பில் இருக்கிற சின்னக் கம்பிவலையைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பஞ்சு படர்ந்திருக்கும். போனைக் குப்புறப் பிடித்துக் காய்ந்த பிரஷால் தேய்த்தால் போதும். நாம் பேசுவது எதிரில் கேட்கவில்லை என்றால் அடிப்பக்கத்து மைக் துளை. அது சிம் ஊசித் துளை மாதிரியே இருக்கும், ஊசியை மாற்றி விட்டுவிடாதீர்கள். சிம் துளை சிம் தட்டின் மேலேயே இருக்கும், அப்படித்தான் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். பேசி முடித்துக் காதிலிருந்து எடுத்த பிறகும் திரை கறுப்பாகவே இருந்தால், மேலே ஒட்டின டெம்பர்ட் கிளாஸுக்கு அடியில் பஞ்சு போய், காது பக்கத்தில் இருப்பதை உணர்கிற சென்சாரை மறைத்திருக்கலாம். முதலில் கிளாஸை மாற்றிப் பாருங்கள், டிஸ்ப்ளே போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள்.

இது ஒன்றும் தெரியாமல்தான் மூன்றாம் நாள் ஒரு கடைக்குப் போனேன். பையன் ஒயரை மாட்டிப் பார்த்தான், ஆட்டினான், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, ஜாக்கு போயிருச்சுங்க. மாத்திரலாமுங்க, அரை மணி நேரந்தான்" என்றான். 1,200 ரூபாய் சொன்னான், சரி என்றேன். அரை மணி நேரம் மறுநாள் சாயங்காலம் ஆனது. போய் வாங்கும்போது சார்ஜ் ஏறியது, ஆனால் திரையில் பச்சையாக ஒரு கோடு. இரண்டாம் நாள் திரையே போய்விட்டது. ஜாக், அதாவது சார்ஜ் ஓட்டை, இருக்கிற சின்ன போர்டை எடுக்கும்போது பேட்டரி இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். பக்கத்திலேயே டிஸ்ப்ளேயின் மெல்லிய பட்டை ஒயர் போகிறது, அதை இழுத்தாலும் மடக்கினாலும் இப்படி ஆகும். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் முறுக்கினாலும் கீழே இருக்கிற போர்டு போய்விடும். என் போனில் எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, "அது முன்னாடியே இருந்துச்சுங்க அக்கா" என்றான். முன்னால் இல்லை என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. பில் இல்லை, வேலைச் சீட்டு இல்லை. டிஸ்ப்ளேக்கு 4,800 ரூபாய் வாங்கினான். அன்று கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது, வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை.

ஆகவே போனைக் கடையில் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிடுங்கள். *#06# அடித்தால் வருகிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். கடைக்காரர் முன்னாலேயே திரை, கேமரா, ஸ்பீக்கர் வேலை செய்வதை இன்னொரு போனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள், வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் அதில் வரட்டும். சீட்டில் 'சார்ஜ் ஏறவில்லை, மற்றவை சரியாக உள்ளன' என்று எழுதி வாங்குங்கள். டிஸ்ப்ளே என்றால் ஒரிஜினலா, காப்பியா, ஓஎல்இடி திரை உள்ள போனுக்கு எல்சிடி என்ற வேறு வகைத் திரை போடுகிறார்களா என்று விலை பேசும்போதே கேட்டு எழுதச் சொல்லுங்கள். எல்சிடி போட்டால் தடிமன் கூடும், திரைக்குள் இருக்கிற கைரேகை பெரும்பாலும் வேலை செய்யாது. திரைப் பூட்டைத் திறக்கிற பின் (PIN) எண்ணைச் சொல்லாதீர்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் என்று அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் அவர்கள் சோதித்துப் பார்க்கலாம், உங்கள் படமும் செய்தியும் அவர்கள் கண்ணில் படாது. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். இது ஒன்றை மட்டும் நான் ஏதோ தோன்றிக் கேட்டு வாங்கியிருந்தேன். பில் இருந்து, வேலையில் குறை இருந்து, கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். என்னிடம் பில் இல்லாததால் அந்த வழி அடைத்துப் போனது.

டிஸ்ப்ளே மாற்றிய பிறகு போன் லோகோவிலேயே நின்றது. "சாஃப்ட்வேர் ஏத்தணுங்க, 500 ரூபா" என்றான். ஏற்றினால் உள்ளே இருப்பது அழியுமா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வாழ்நாளில் திரும்பக் கிடைத்தால் மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிற ஒரு நிமிடம் அது. சாஃப்ட்வேர் ஏற்றுவதில் இரண்டு விதம் உண்டு, டேட்டாவை வைத்துக்கொண்டு ஏற்றுவது, துடைத்துவிட்டு ஏற்றுவது. சாம்சங் என்றால் 'ஹோம் சிஎஸ்சி' கோப்பைப் போட்டால் டேட்டா நிற்கும், வெறும் 'சிஎஸ்சி' போட்டால் போய்விடும். எல்லாச் சமயத்திலும் முதல் முறை பலிக்காது, ஆனால் முதலில் அதைத்தான் முயல வேண்டும், அது முடியாதபோது உங்களைக் கேட்டுத்தான் அழிக்க வேண்டும். 'டேட்டா அழிப்பதற்கு முன் கூப்பிட வேண்டும்' என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். அழித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த போன்களில் எல்லாம் பூட்டு போட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடும். டேட்டா ரிகவரி என்று சொல்லி 3,000, 5,000 கேட்கிற இடங்களில் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

நான் அதற்காகத்தான் கோவை காந்திபுரத்துக்குப் போனேன். வயதான ஒருவர் வைத்திருக்கிற சின்னக் கடை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திரும்பக் கிடைக்காது என்று நேராகச் சொன்னார். பழைய ஜாக் போர்டைப் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்ததைக் காட்டினேன். பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, தறிக்குடோன்ல வேலைங்களா?" என்றார். மரக்குச்சி ஒன்றைச் சீவி உள்ளே விட்டு இழுத்தார். கடுகு அளவுக்கு இறுகிய பஞ்சுக்கட்டி ஒன்று மேசைமேல் விழுந்தது, மூலையிலிருந்து இன்னொன்று. ஒயரை எடுத்து அந்தப் போர்டில் மாட்டினார். 'டக்' என்று உட்கார்ந்தது. என்னிடம் பணம் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அழுதேன் என்றேனே, அது அன்றைக்குத்தான்.

7,750 ரூபாயோடு முடியவில்லை. மாதக் கடைசியில் உற்பத்தியாளர் கணக்கில் மூன்று லோடு குறைந்தது. சலான் போட்டோ என்னிடம் இல்லை, போட்டோ எடுத்த தைரியத்தில் காகித நகலையும் பத்திரப்படுத்தவில்லை. 11,400 ரூபாய் கூலி போனது. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவர் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. தறி ஓட்டுகிறவர்களின் முன்பணக் கணக்கை அவரவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். எல்லோரும் நியாயமாகவே சொன்னார்கள், அதுதான் அந்த மாதத்தில் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

பேக்கப் எடுக்கிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பார்த்தால் எட்டு மாதமாக எதுவும் போகவில்லை. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1 முதல் போட்டோக்களும், 2024 முதல் ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்த 15 ஜிபியில்தான் கணக்காகின்றன. நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும், ஒரு சின்ன அறிவிப்பு வரும், நாம் அதைத் தள்ளிவிடுவோம். வாட்ஸ்அப்பில் அமைப்புகள், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய், கடைசி பேக்கப் தேதியை இப்போதே பாருங்கள். இடத்தைத் தின்பது வீடியோதான். பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்க வேண்டாம் என்று வைத்தால் அளவு நான்கில் ஒன்றாகக் குறைந்தது எனக்கு. வாட்ஸ்அப் போனுக்குள்ளேயும் ஏழு நாள் வரைக்குமான பிரதி வைக்கும். ஃபைல்ஸில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப் என்று போனால் வாட்ஸ்அப் என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே ஓடிஜி பென்டிரைவில் (போனிலேயே நேராகச் சொருகுகிற வகை) காப்பி செய்துவிட்டால், இணையம் இல்லாமலே ஒரு பிரதி கையில் இருக்கும். அதே நம்பரில் வாட்ஸ்அப்பைப் போட்டால்தான் திறக்கும். தொடர்பு எண்களைப் போனிலோ சிம்மிலோ சேமிக்காமல், கூகுள் கணக்கில் சேமிக்கும்படி மாற்றுங்கள். புது எண் சேமிக்கும்போது மேலே எந்தக் கணக்கு என்று காட்டும், அங்கேயே மாற்றலாம். ரெக்கார்டர் ஆப்பில் பேசி வைத்த பதிவுகள் கூகுள் போட்டோஸுக்குப் போகாது, அவற்றைத் தனியாகத்தான் எடுத்துவைக்க வேண்டும். திரை தெரிகிறது, தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லை என்கிற நிலை வந்தால், ஓடிஜி இணைப்பில் சாதாரண கம்ப்யூட்டர் மவுஸை மாட்டுங்கள். அம்புக்குறி வரும், அதை வைத்தே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

சூடு இன்னொரு விஷயம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசியில் போனைச் சார்ஜில் போட்டால் பேட்டரி 45 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த அளவில் பெரும்பாலான போன்கள் தாங்களாகவே சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். சார்ஜ் ஏறவில்லையே என்று அதையும் கோளாறாக எண்ணிக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உறையைக் கழற்றி, மோட்டார் பக்கமில்லாத சிமென்ட் தரையிலோ ஜன்னல் ஓரமோ வைத்தால் ஏறும். பஞ்சு படிந்த ரப்பர் உறை சூட்டை வெளியே விடாது, வாரம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். பிள்ளைகளுக்கு வாங்கிய டேப்லெட்டை எந்நேரமும் ஒயரிலேயே வைத்திருந்தால் பேட்டரி உப்பலாம். 80 சதவீதத்தில் நிறுத்துகிற அமைப்பு அதில் இருந்தால் போட்டுவிடுங்கள். திரை ஓரம் லேசாகத் தூக்கினாலே பேட்டரி உப்புகிறது என்று பொருள், அதன் பிறகு சார்ஜ் போடவே கூடாது.

இப்போது குடோனில் வேலை நேரத்தில் போன் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. ஐந்து ரூபாய்ப் பைதான், திரை பைக்கு மேலேயே வேலை செய்யும். ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்தி எண்ணெய் விடுகிற நேரத்தில், ஓட்டுகிறவர்கள் எல்லோரும் போனை ஆஃப் செய்து கொண்டுவருகிறார்கள். சீவிய குச்சிகள் ஒரு டப்பாவில் இருக்கின்றன. போன வாரம் ஏழு போனில் நான்கில் பஞ்சு வந்தது. அது முடிந்ததும் அந்த வாரத்துச் சலான் படங்களையும் வாட்ஸ்அப் ஃபோல்டரையும் பென்டிரைவில் தேதி போட்டுக் காப்பி செய்கிறேன். பென்டிரைவைக் கழற்றுவதற்கு முன், அதிலிருந்தே இரண்டு படத்தைத் திறந்து, மீட்டர் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.